பரிவுப் பிரிவு

பெரியவளின் பித்தப்பையில் கல் இருக்கிறது என்று தெரிந்த அன்றுதான் சின்னவளுக்கு அவள்மேல் உண்மையான பொறாமை வந்தது.

அதற்கு முன்பு பொறாமையே இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்களுக்குள் இருக்க வேண்டிய அளவு இருந்தது. பெரியவளுக்கு மாடி அறை, சின்னவளுக்குக் கீழ் அறை. பெரியவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு இல்லை. குடும்பத்துக்குச் சொந்தமான சலவைக் கடையில் பெரியவள் கல்லாவில் உட்கார்ந்தாள். சின்னவள் பின்பக்கம் நின்று இஸ்திரி போட்டாள். அதெல்லாம் பழகிப்போன பொறாமை. பல் தேய்ப்பது மாதிரி, காலையில் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடும். கல் அப்படிப்பட்டதல்ல.

ஏனென்றால் வயிற்றுவலி முதலில் வந்தது சின்னவளுக்குத்தான். பெரியவளுக்கு முன்னால் இரண்டு வருஷம். மூப்பு அடிப்படையில் கொடுப்பதாக இருந்தால் அந்தக் கல் இவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

விலாவுக்குக் கீழே எரிச்சலாக ஆரம்பிக்கும். அங்கிருந்து தோளுக்கு ஏறும். சில நாள் நாக்கு நுனியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் கை மரத்துப்போகும். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சுரங்கம் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து இழுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி மூலை மூலையாக ரசித்தார்.

"அருமையா இருக்கும்மா. ஒண்ணுமே இல்ல. சந்தோஷமா போயிட்டு வாங்க."

"வலிக்குதே டாக்டர்."

"வலிக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

"சின்னதா ஒரு கல்லு கூடவா இல்ல?"

"மணல் கூட இல்லம்மா."

சின்னவளின் கணவன் நல்ல மனுஷன். மனைவிக்கு நோய் இல்லை என்ற சந்தோஷத்தை அவனால் அடக்கிவைக்க முடியவில்லை. துணி வாங்க வந்தவர்களிடம் எல்லாம், "நம்ம வீட்டுல அவளுக்கு ஒண்ணுமே இல்லையாம்!" என்று சொல்லி, மடித்த துணியோடு சந்தோஷத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். தெருவே வாழ்த்தியது. சின்னவள் விலாவைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டாள்.

பெரியவளின் கதை அப்படியில்லை. ஒரு மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே "அம்மா!" என்றாள். சாயங்காலம் படம் எடுத்தார்கள். படத்தில் கற்கள் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. ஆப்பிளும் ஆரஞ்சும் கூடை கூடையாக வந்தன. அவளைப் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, துக்க வீட்டில் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார்கள். அறுவை செய்த டாக்டர் கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார். பெரியவள் அதை டிவி பக்கத்தில் வைத்தாள். விருந்தாளிகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியாக வாங்கியவர் ஆட்டிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வரும்.

"இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நாள் கல்லாவுல உட்கார்ந்திருந்தீங்க?" என்பார்கள்.

"வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல," என்பாள் பெரியவள். பிறகு சின்னவள் இருக்கும் பக்கம் பார்ப்பாள். "சில பேரு மாதிரி."

ஒருநாள் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அதையும் தாண்டிப் போனாள். "வேலைக் கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்கு. பிள்ளை இல்லாதவளுக்கு வயிறு மேல சாக்கு."

யாரோ சிரித்தார்கள். சின்னவள் தண்ணீர் தம்ளர்களைத் தட்டோடு கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். அன்று அவளுக்கு நாக்கு நுனி, தோள், விலா மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்தன. எனக்கும் ஒரு கல் கொடு என்று யாரிடம் கேட்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளைக் கோட்டுகள் இவர்கள் கடைக்குத்தான் சலவைக்கு வரும். ஒருநாள் ஒரு கோட்டுக் காலரில் கழற்ற மறந்த பித்தளை வில்லை ஒன்று இருந்தது. இஸ்திரிப் பெட்டி அதில் இடித்து நின்றது. சின்னவள் குனிந்து படித்தாள்.

'உங்கள் வலியை நான் நம்புகிறேன்.'

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு தடவை படித்தாள். அடுத்த நாள் அந்தக் கோட்டை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். உடம்பில் வலி இருந்து, அந்த வலிக்குத் தகுந்த காரணம் படத்தில் தெரியாமல், நாள் முழுக்க அந்த வலியைப் பற்றிய கவலையே பிழைப்பாகிப் போனவர்களுக்கானது. டாக்டர்கள் அதற்கு உடல்சார் அறிகுறிக் கோளாறு என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரிவின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல யாராலும் முடியாததால் பரிவுப் பிரிவு என்று சுருக்கியிருந்தார்கள். பலகை எழுதியவர் ஒரு கொக்கியைக் கூடுதலாகப் போட்டு 'பிரிவுப் பிரிவு' என்று எழுதிவிட்டார். திறந்துவைத்தவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.

அது இதயப் பிரிவுக்குப் பின்னால், பழைய போர்வைகள் போட்டுவைத்திருந்த கட்டடத்தில் இருந்தது. இதயப் பிரிவுக்குக் கண்ணாடிக் கதவு. ஆள் கிட்டே போனாலே தானாகத் திறக்கும். பரிவுப் பிரிவுக்கு மரக்கதவு. தோளால் இடித்தால்தான் திறக்கும். தோள்வலி இல்லாமல் வந்தவர்களும் உள்ளே நுழையும்போது தோள்வலியோடுதான் நுழைந்தார்கள்.

பிரிவின் தலைவர் ஒல்லியான டாக்டர். அவருடைய மேஜை, இதயப் பிரிவின் வாசலைப் பார்த்த ஜன்னலோரம் போடப்பட்டிருந்தது. அந்தக் கண்ணாடிக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். காலையில் புதிதாக வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசுவது அவர் வழக்கம்.

"உங்கள் எல்லாருடைய வலியும் உண்மை," என்று ஆரம்பித்தார். "அது உண்மைதானா என்று குழு முடிவு செய்யும் வரைக்கும் அமைதியா காத்திருக்கணும்னு கேட்டுக்கிறேன். இதுவரைக்கும் உலகத்துல யாரும் உங்களை நம்பல. நாங்க நம்புறோம். ஏன்னா, எங்களையும் இந்த ஆஸ்பத்திரியில யாரும் நம்பல. அதோ அங்க, இதயப் பிரிவுல, ஒரு நோயாளி செத்தா பேப்பர்ல செய்தி. நம்ம நோயாளிங்க யாரும் சாகறதில்ல. அந்த ஒரு காரணத்துக்காகவே நமக்கு மரியாதை இல்ல. இருந்தாலும் நான் மனசு தளரல."

எல்லாரும் கைதட்டினார்கள். சாகாததற்காக மன்னிப்புக் கேட்பது போல அடக்கமாகத் தட்டினார்கள்.

பிரிவுக்குள் 'ஒன்றுமில்லை' என்ற வார்த்தைக்குத் தடை. இத்தனை வருஷமாக நோயாளிகளைக் காயப்படுத்திய வார்த்தை அதுதான் என்று தலைவர் கண்டுபிடித்திருந்தார். வாசலில் காவல்காரர் ஒரு வயசானவரை நிறுத்தி, "பையில என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றார் அவர். உடனே அவரை ஓரமாக அழைத்துப்போய், எல்லா நோயாளிகளிடமும் மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண், "மாத்திரை வந்துடுச்சா?" என்று கேட்டாள். உள்ளே இருந்தவர் காலி அலமாரியைப் பார்த்தார், சுற்றும்முற்றும் பார்த்தார், "இருக்கும்மா. இன்னும் கண்டுபிடிக்கப்படாத நிலையில இருக்கு," என்றார்.

சின்னவளுக்கு இதெல்லாம் விசித்திரமாகப் படவில்லை. இரண்டு வருஷமாகச் சுத்தமான படங்களைச் சுமந்து அலைந்தவளுக்கு, நம்புகிறோம் என்று யார் சொன்னாலும் போதும் என்றிருந்தது.

அங்கீகாரக் குழுவில் மூன்று பேர். எலும்பு டாக்டர், தோல் டாக்டர், மூன்றாவது டாக்டர் கிடைக்காததால் கட்டட மேற்பார்வையாளர்.

"வலி பத்துக்கு எத்தனை?" என்றார் எலும்பு டாக்டர்.

"ஏழு."

"ஏழா?" என்று தோல் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி வந்தவர் ஒன்பது சொன்னாரே."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப எட்டு."

"நேர்மையா சொல்லுங்கம்மா. இது கத்திரிக்காய் வியாபாரம் இல்ல."

"ஏழரை வெச்சுக்கலாமா?" என்றார் மேற்பார்வையாளர். அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

ஏழரைக்குப் பச்சை ரிப்பன். மூன்றாம் வகுப்பு வலி. எழுந்து நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். சின்னவள் வாங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர் தங்க நிற ரிப்பனோடு உட்கார்ந்திருந்தார். பஸ் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் வலதுகால் அசைய மறுக்கிறதாம். முதல் வகுப்பு. பாதி துளிர்த்த கண்ணீர் அங்கேயே காய்ந்துவிட்டது. 'அசையாத காலுக்குத் தங்கமா? அசைந்துகொண்டே எரியும் விலாவுக்குப் பச்சையா?' என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

பெரியவள் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு விரலால் தேய்த்துத் துணியின் தரம் பார்த்தாள். கடைக்காரி அல்லவா.

"எனக்கு வயித்துல ஓட்டை போட்டாங்க. ஒரு ரிப்பன் குடுக்கல," என்றாள்.

"உங்களுக்குத்தான் கல்லு குடுத்தாங்களேக்கா," என்றாள் சின்னவள்.

அன்று முதல் பாட்டில் டிவிக்குப் பக்கத்திலிருந்து டிவிக்கு முன்னால் வந்துவிட்டது. படம் பார்க்கிறவர்கள் கற்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

சின்னவளுக்கென்று ஒதுக்கப்பட்ட நர்ஸ், கோட்டில் வில்லையை மறந்துவைத்த அதே நர்ஸ்தான். பருத்த, சிடுசிடுப்பான பெண். அறுவை அரங்கில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். ஒரு பெரிய டாக்டரிடம், "கையைக் கழுவிட்டு வாங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னதால் இங்கே மாற்றப்பட்டிருந்தாள். பரிவுப் பிரிவு நர்சுகளுக்குத் தலையாட்டும் பயிற்சி உண்டு. நோயாளி பேசும்போது மெதுவாக ஆட்ட வேண்டும். மூச்சு வாங்கும்போது சாய்த்து ஆட்ட வேண்டும். முடிவில், "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்" என்று சொல்ல வேண்டும். இந்த நர்ஸ் நேரத்தை மிச்சப்படுத்த, சின்னவள் உட்கார்வதற்கு முன்னாலேயே, "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். சொல்லுங்க," என்றாள். பிறகு கொட்டாவி விட்டாள்.

இந்த நிலையில் இதயப் பிரிவுக்குப் புது மெஷின் வந்து இறங்கியது. லாரியில் வந்தது, மாலை போட்டு இறக்கினார்கள். நம் தலைவர் ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்தார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஊழியர்களைக் கூட்டினார்.

"மெஷின் இல்லாத பிரிவு, கொடி இல்லாத கப்பல்," என்றார். "நம்மகிட்ட பரிவு இருக்குன்னு நாம சொன்னா எவன் நம்புவான்? அளந்து காட்டணும்."

அப்படி வந்ததுதான் பரிவுமானி. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்றை நர்சின் கையில் கட்ட வேண்டும். நர்சின் மனசில் பரிவு சுரந்தால் ஊசி துள்ளும்; நீளமான காகிதத்தில் மலை மலையாகக் கோடு விழும். விற்றவர் அப்படித்தான் சொன்னார்.

முதல் சோதனைக்குச் சின்னவளைத்தான் உட்காரவைத்தார்கள். நர்சின் கையில் பட்டை. தலைவர் பக்கத்தில் நின்றார்.

"உங்க வலியைச் சொல்லுங்கம்மா. உருக்கமா சொல்லுங்க."

சின்னவள் விலாவிலிருந்து ஆரம்பித்தாள். ஊசி படுத்துக் கிடந்தது. தோளுக்கு ஏறினாள். அசையவில்லை. நாக்கு நுனிக்கு வந்தாள். தலைவருக்கு நெற்றியில் வேர்த்தது. "பரிவு! பரிவு!" என்று நர்சின் காதில் ஓதினார். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே அறுவை அரங்குப் பெண்கள் இரண்டு மூன்று பேர் டீ குடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள். ஊசி துள்ளிக் குதித்தது. காகிதத்தில் ஒரு மலை, அதைவிடப் பெரிதாய் இன்னொரு மலை.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் தலைவர். மற்ற ஊழியர்களுக்குச் சொல்ல வெளியே ஓடினார்.

அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள்.

"சிஸ்டர், அது என்னைப் பாத்துத் துள்ளல இல்ல?"

நர்ஸ் பட்டையைப் பிரித்துப்போட்டாள். "அந்தக் குட்டையா போறா பாருங்க, எங்கிட்டதான் தொழில் கத்துக்கிட்டா. இப்ப என் இடத்துல அவ நிக்கிறா. பாத்தாலே வயிறு எரியுது."

"எந்த இடத்துல?"

"எந்த இடத்துலன்னா?"

"எந்த இடத்துல எரியுதுன்னு கேட்டேன்."

நர்ஸ் யோசித்து, விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். சின்னவளும் தன் விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நர்சுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் சின்னவள், வேலைக் கள்ளி என்று பெரியவள் சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் ஒரு தடவை கூடத் தலையாட்டவில்லை. தலையாட்ட மறந்துவிட்டாள்.

"இதனாலதான் வலிக்குதுன்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள் கடைசியில். "அது எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்கு வலிக்குது. அது நெசம். பயிற்சியில முதல் நாளு ஒரு மேடம் வந்து பாடம் நடத்துனாங்க. வலி வந்தாத்தான் வரணும்னு வெச்சா, உடம்பு வலியைக் கூட்டிக்கிட்டுத்தான் வரும். அதனால வலிச்சாலும் வரச்சொல்லு, வலிக்கலைன்னாலும் வரச்சொல்லு, அதே நாளு, அதே ஆளு பாருன்னாங்க. தலைவர் அன்னைக்கு இதயப் பிரிவுல என்னமோ திறக்குறாங்கன்னு எட்டிப்பாக்கப் போயிட்டாரு. புதன்கிழமை வர்றீங்களா?"

சின்னவள் சரி என்றாள். போகும்போது, "அந்தக் காகிதத்தை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுல படம் இருந்தாத்தான் நம்புவாங்க."

நர்சின் பொறாமை இப்படியாகச் சின்னவளின் நோயாக வீட்டுச் சுவரில் ஏறியது. கணவன் தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். பெரியவள் அதைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு பெரிய மலையா?" என்றாள். அன்று இரண்டு தடவை பாட்டிலைத் துடைத்தாள்.

புதன்கிழமைகள் போயின. முதலில் சின்னவள் வலியைப் பற்றி மட்டும்தான் பேசினாள். பிறகு காலையில் என்ன செய்தாள் என்று நர்ஸ் கேட்க ஆரம்பித்தாள். நாலு சட்டை போட்டுவிட்டு உட்கார், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் உட்கார் என்றாள். புதுசாக இன்னொரு படம் எடுக்க வேண்டாம் என்றாள். வலி ஓடிவிடவில்லை. ஆனால் நாள் முழுக்க வீட்டு நடுவில் உட்கார்ந்திருந்த விருந்தாளி, இப்போது அவ்வப்போது எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற உறவுக்காரன் மாதிரி ஆயிற்று. நாக்கு எரிச்சலை அவள் ஒரு வாரம் முழுக்க மறந்தே போனாள்.

இது தலைவர் காதுக்குப் போனது. அவர் பதறிப்போய்க் கூப்பிட்டுவிட்டார். பிரிவு தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆண்டுவிழாவுக்கு ஆஸ்பத்திரியின் இயக்குநரே வருகிறார். முன்மாதிரி நோயாளியாக மேடையேறச் சின்னவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லீங்க ஐயா. சில நாள் வர்றதே இல்ல."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? உங்களை நம்பித்தானே நான் இதயப் பிரிவுக்காரரை முன்வரிசைக்கு அழைச்சிருக்கேன். விழா முடியுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"வலியையா?"

"வலி இல்லாததை. இரண்டாம் வகுப்பு ரிப்பன் வாங்கித் தர்றேன்."

சின்னவளுக்கு ஆசை விட்டது என்று சொன்னால் பொய். தங்க ரிப்பனுக்கு ஒரு படி கீழே நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டு, விழா அன்று காலையில் கண்ணாடி முன் நின்று விலாவை அழுத்திப் பார்த்தாள். பாழாய்ப்போன வலி, கூப்பிடாதபோதெல்லாம் வந்தது, கூப்பிட்டபோது வரவில்லை.

பெரியவளும் விழாவுக்குக் கிளம்பினாள். "கூட்டத்துல உன்னை யாராவது இடிச்சுட்டா?" என்றாள். மேடையில் இவளை யாராவது இடித்தால் தேவலை என்று அவள் மனசில் இருந்தது முகத்தில் தெரிந்தது.

முன்வரிசையில் இயக்குநர். பக்கத்தில் இதயப் பிரிவின் தலைவர், புது வால்வு போட்ட ஒரு ஆளைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அந்த ஆள் தக்காளிப் பழம் மாதிரி உட்கார்ந்திருந்தான். அடுத்து அறுவைப் பிரிவின் தலைவர். பெரியவளின் கல்லை எடுத்தவரும் அவர்தான். நம் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஒரு வருஷத்துல நாங்க நம்பியவங்க ஏராளம். நம்பிக்கையில இந்த ஆஸ்பத்திரியிலேயே முதலிடம் எங்களுக்குத்தான். குணமானவங்க எத்தனை பேருன்னு சிலர் கேக்குறாங்க. குணமாக்குறது மத்தப் பிரிவுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். குணமாக்கி அனுப்பிட்டா நோயாளி நம்மை மறந்துடறான். எங்க நோயாளி எங்களை மறக்கமாட்டான். இதோ, எங்கள் பெருமைக்குரிய ஏழரை!"

சின்னவள் மேடையேறினாள். பலத்த கைதட்டல்.

"சொல்லுங்கம்மா. இப்ப உங்க வலி எங்க இருக்கு?"

மைக் அவள் வாயருகே வந்தது. இவ்வளவு பெரிய கூட்டம் அவள் வலியைக் கேட்கக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அவள் விலாவில் தேடினாள். தோளில் தேடினாள். நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள்.

"இன்னைக்கு இல்லீங்க ஐயா," என்றாள்.

முன்வரிசையில் இதயத் தலைவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இருக்கும். நல்லா பாருங்க," என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாத்துட்டேங்க. இல்ல."

அப்போதுதான் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எனக்கு இருக்கு!"

எல்லாரும் திரும்பினார்கள். பெரியவள் எழுந்து நின்றாள். ஒரு கை விலாவில் இருந்தது. எழ வேண்டும் என்று நினைத்து எழுந்தவள் மாதிரி தெரியவில்லை. பேசியது தானா என்று அவளே திகைத்து நின்றாள்.

அறுவைத் தலைவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "உங்களுக்கு எப்படிம்மா இருக்கும்? கல்லை எடுத்து பாட்டில்ல போட்டு உங்க கையிலதானே குடுத்தேன்?"

"பாட்டிலுக்கு வலிக்கலீங்க," என்றாள் பெரியவள். "எனக்குத்தான் வலிக்குது. முன்ன எப்படி வலிச்சுதோ அப்படியே வலிக்குது. ஊரே வந்து கல்லைப் பாத்துட்டுப் போயிடுச்சு. இனிமே வலிக்குதுன்னா யாரு நம்புவா? இவளை நான் சொன்ன சொல்லையெல்லாம் அப்புறம் என்னைத்தானே சொல்லுவாங்க." அவள் மேடையில் நின்ற சின்னவளைப் பார்த்தாள். "இவளாவது வாய்விட்டு அழுதா. எனக்கு அதுக்கும் வழியில்லாம போச்சு."

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "மன்னிக்கணும். கல் இருந்தது நிரூபணம் ஆகியிருக்கு. காரணம் தெரிஞ்ச வலியை எங்க பிரிவு நம்ப முடியாது. இவங்க அறுவைப் பிரிவோட நோயாளி."

"கல்லு போனதோட எங்க பொறுப்பு போச்சு," என்றார் அறுவைத் தலைவர். "இவங்க உங்க ஆளு."

"வலி ஆரம்பிச்சது உங்ககிட்ட."

"மிச்சமிருக்கறது உங்ககிட்ட."

இதயத் தலைவர், இதயம் நன்றாகத்தான் இருக்கும்போலத் தெரிகிறது என்று தன் பங்குக்கு ஒதுங்கிக்கொண்டார். இயக்குநர் எழுந்து, இரண்டு தரப்பு வாதத்திலும் நியாயம் இருப்பதாகவும், இந்த அம்மா யாருடைய நோயாளி இல்லை என்பதை முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்படும் என்றும் அறிவித்தார். அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே பெரியது அதற்குத்தான்.

பெரியவள் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நர்ஸ் பக்கவாட்டிலிருந்து வந்து, அவள் முழங்கையைப் பிடித்து, "வாங்க," என்றாள்.

"மேடம் சொன்னதுல கல்லு இருந்தவங்க, இல்லாதவங்கன்னு எல்லாம் இல்ல. யாருக்கு வேணும்னாலும் வரும். நடங்க."

சின்னவள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மரக்கதவை ஓரகத்திகள் இரண்டு பேரும் தோளால் இடித்துத் திறந்தார்கள். அறை வாசலில் நர்ஸ் பெரியவளை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினாள். "நீங்க வெளிய உட்காருங்க," என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாத்திய கதவையே பார்த்தாள். அது அவளுடைய அறை. உள்ளே இருப்பது அவளுடைய நர்ஸ். முதலில் பெரியவள் அழுகிற சத்தம் கேட்டது. அந்த அழுகையைக் கேட்டதும் சின்னவளுக்கு, இத்தனை மாசமாக அவள் பாட்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்தது ஞாபகம் வந்தது. பிறகு உள்ளே நர்சின் குரல் கேட்டது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்தார்களா? சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. கணவன்.

"விழா முடிஞ்சுதா? துணி மலையா கெடக்கு. ரெண்டு பேரும் எப்ப வருவீங்க?"

"நேரமாகும். அக்காவுக்கு வலி. சிஸ்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அண்ணிக்கா? கல்லைத்தான் எடுத்தாச்சே. அவங்களுக்கு என்ன, ஒண்ணும்..."

"வாயை மூடுங்க," என்றாள் சின்னவள். நடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவங்க வலிக்குதுன்னா வலிக்குது. அண்ணன்கிட்டயும் சொல்லிவைங்க. வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்குக் கேள்வி கேக்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை நீங்களே ஏதாவது பாத்து வைங்க."

போனை வைத்துவிட்டு மறுபடியும் கதவைப் பார்த்தாள். உள்ளே பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. முதல் நாளே இவ்வளவு நேரமா? முதல் நாள் தனக்குக் கிடைத்தது ஒரு கொட்டாவிதான். மறுபடியும் சிரிப்புச் சத்தம் வந்தது. அது பெரியவளின் சிரிப்பு, சந்தேகமேயில்லை. வீட்டில் இவ்வளவு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்துச் சின்னவள் கேட்டதில்லை.

சின்னவள் எழுந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றாள் நர்ஸ் உள்ளேயிருந்து.

"அடுத்த ஆளு," என்றாள் சின்னவள்.